உண்ணி கடித்த இடம்

நைனா தோலை இரண்டு கையாலும் விரித்து வெயிலுக்கு நேரே பிடிப்பார். நான் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். முடி வழித்துக் காயவைத்த மாட்டுத் தோல் வெளிச்சத்தை முழுசாக மறைக்காது. வெல்லப்பாகு நிறத்தில் ஒரு மங்கல் அதன் வழியாக இறங்கி என் சட்டையில் விழும். "எண்ணுடா" என்பார். ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் எங்கெங்கே தெரிகின்றன என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அப்போது எனக்குப் பதினோரு வயது. 1989, திருப்புலிவனம் ஏரிக்கரை. கூட்டாளிகள் ஓணான் அடிக்கப் போயிருந்த மத்தியானங்களில் நான் மாட்டுத் தோலில் நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தப் புள்ளிகள் உண்ணி கடித்த இடங்கள். மாடு உயிரோடு இருந்தபோது ரத்தம் குடித்த உண்ணி, செத்த பிறகும் தோலில் தன் இடத்தை விட்டுக்கொடுப்பதில்லை. நிழலில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தடவினாலும் தெரியாது. வெயில்தான் காட்டிக்கொடுக்கும். ஒன்றிரண்டு இருந்தால் பாதகமில்லை, மேளத்துக்கான வட்டத்தின் ஓரத்தில் சட்டத்தோடு ஒட்டும் இடத்தில் வரும்படி வெட்டிக்கொள்ளலாம். நடுவில் வந்தால் அடிக்குச்சி விழுந்து விழுந்து அங்கிருந்துதான் கிழியத் தொடங்கும். ஒரு சாவு வீட்டில், பிணத்தை எடுக்கிற நேரத்தில் அது கிழியும் என்பது நைனாவின் அனுபவம்.

புள்ளி போக இன்னும் பல எழுத்துகள் ஒரு தோலில் இருக்கும். ஏர் உழுத எருதின் பின்பக்கத்தில் தார்க்குச்சித் தழும்புகள் வரிசையாக இருக்கும். நோய்க்குச் சூடு போட்ட மாடென்றால் விலாவில் கோடு. கழுத்தில் நுகத்தடி தேய்த்துத் தேய்த்துத் தோல் காய்த்துப்போய், காயவைத்தால் விறகு மாதிரி நிற்கும். வயிற்றுத் தோல் மெல்லியது, ஆனால் துவளும். இன்றைக்கு இழுத்துக் கட்டினால் நாளைக்குத் தொய்ந்துவிடும். "கழுத்து நுகத்துக்கு, பின்பக்கம் தாருக்கு, வயிறு கன்னுக்குட்டிக்கு. நமக்கு நடுமுதுகு" என்பார் நைனா. முதுகுத்தண்டு ஓடிய கோடு வட்டத்தை இரண்டாகப் பிரிக்கும்படி வைத்து வெட்டுவார். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தோல் ஒரே தடிப்பில் இருக்கும். அப்போதுதான் சத்தம் ஒரு பக்கமாகச் சாயாமல் வரும். ஊரில் டிராக்டர் வந்த பிறகு தார்க்குச்சித் தழும்பு இல்லாத தோல்கள் கிடைத்தன. டிராக்டரால் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான் என்று அவர் சிரிப்பார்.

இப்படி எழுதும்போது என்னவோ நைனா பத்துத் தோல்களைப் பரப்பி வைத்து ஒன்றைப் பொறுக்கியதுபோல் இருக்கிறது. அப்படி இல்லை. ஒரே தோல்தான் இருக்கும். அதற்குள் எந்த இடம் என்பது மட்டுமே அவர் பொறுக்க முடிந்தது.

மாடு செத்தால் சேரியில் வந்து சொல்லுவார்கள். தூக்கிக்கொண்டு போய் அப்புறப்படுத்த வேண்டும். அதற்குக் கூலி அந்தத் தோல். எங்கள் வட்டாரத்தில் இருந்த வழக்கம் இது. தாத்தா காலத்தில் வருகிற தோல் வருகிற தோல்தான். கிழட்டு மாடோ, நோயில் செத்த மாடோ, மழையில் இரண்டு நாள் கிடந்து ஊறிய மாடோ, மேளத்துக்கு அதுவே. இது வேண்டாம், வேறு மாடு சாகட்டும் என்று யாரிடம் சொல்ல முடியும்?

எங்கள் ஊரிலிருந்து உத்திரமேரூர் கூப்பிடு தூரம். பள்ளிக்கூடத்தில் எங்களை வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டினார்கள். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுத்த முறையை வாத்தியார் சொல்ல, நாங்கள் வாயைப் பிளந்து கேட்டோம். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி குடத்தில் பேர் விழ வேண்டுமென்றால் வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னேன். கால் வேலி என்றால் எவ்வளவு என்று அவர் விசாரித்தார். சொன்னேன். "அவ்ளோ தோல்கூட நம்ம கிட்ட இருந்ததில்லியே" என்றார்.

எங்கள் ஊர்க் கோயில் சுவாமிக்கு வியாக்கிரபுரீஸ்வரர் என்று பெயர். புலிக்கால் முனிவர் பூசித்த இடம் என்பதால் ஊர் திருப்புலிவனம். சிவன் இடுப்பில் புலித்தோல், கையில் உடுக்கை. அந்த உடுக்கைக்குத் தோல் போட்டது யார் என்று எந்தப் புராணத்திலும் நான் கேட்டதில்லை.

1991 அம்பேத்கர் நூற்றாண்டு. அதையொட்டிக் காலனி இளைஞர்கள் கூடி இரண்டு முடிவு எடுத்தார்கள். செத்த மாடு தூக்கப் போவதில்லை. கூலி பேசாமல், மரியாதை பேசாமல் மேளம் அடிக்கப் போவதில்லை. அடிக்கவே கூடாது, எல்லாவற்றையும் தீயில் போடு என்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பறை என்ற பேரையே அந்நாளில் எங்கள் வீட்டில் உச்சரிக்க மாட்டார்கள், 'மேளம்' என்பார்கள். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-லேயே தன் பத்திரிகைக்குத் துணிந்து 'பறையன்' என்று பேர் வைத்தார் என்பது எனக்குத் தெரியவர இன்னும் பத்து வருஷம் ஆனது. நைனா கூட்டத்தில் ஒன்றும் பேசவில்லை. கை தூக்கினார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி: "இனிமே தோலுக்கு எங்க போறது?"

அப்படித்தான் நைனாவுக்குத் தோலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றானபோது, வேண்டாம் என்று சொல்லவும் முடிந்தது. உத்திரமேரூரில் பஸ் ஏறிச் செங்கல்பட்டு வழியாகச் சென்னை போய், பெரியமேட்டுத் தோல் மண்டியில் அவர் ஒரு தோலை எடுத்துத் தெருவில் வெயிலுக்குப் பிடித்ததையும், "வேணாம், வேற காட்டுங்க" என்று சொன்னதையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான்கு தோல்களை வேண்டாம் என்றார். ஐந்தாவது நன்றாகத்தான் இருந்தது. அதையும் கொஞ்ச நேரம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்.

நாட்டு மாட்டுத் தோல், அதிலும் இரண்டு மூன்று ஈற்று ஈன்ற பசுவின் தோல் அவருக்கு ஒசத்தி. ஜெர்சி கலப்பு மாட்டுத் தோல் 'தண்ணித் தோல்' என்பார். கன்றுத் தோல் மெல்லியது, சீக்கிரம் சூடேறிக் 'கணீர்' என்று பேசும், சீக்கிரம் ஓய்ந்தும் போகும். காளைத் தோல் தடிப்பு, வாய் திறக்க நேரமாகும். எருமைத் தோலில் சத்தம் தரையோடு போகும். இதையெல்லாம் ஒரு விஞ்ஞானம் மாதிரி அவர் சொல்வார். அதில் பாதி அவருடைய பிடிவாதம் என்று இப்போது எனக்குத் தெரியும். ஒரே இழுவையில் கனமான தோல் தாழ்ந்து பேசும், லேசான தோல் ஏறிப் பேசும் என்ற அளவில் இயற்பியலும் அவர் பக்கம்தான்.

என் அறிவுக்கும் ஒரு சோதனை நடந்தது. மாமா ஒருவர் பல்லாவரம் பக்கம் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தார். அந்தப் பக்கமெல்லாம் அதே தொழில்தான், குரோம்பேட்டை என்ற ஊர்ப் பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. ஒரு பொங்கலுக்கு அவர் பதனிட்ட மாட்டுத் தோல் ஒரு துண்டு கொடுத்தார். வழவழவென்று, நாற்றமே இல்லாமல், ஒரு புள்ளிகூட இல்லாமல். பத்தாவது படிக்கும் பையனுக்கு வேறென்ன வேண்டும்? நைனா வயலுக்குப் போயிருந்த நேரம் அதைச் சட்டத்தில் ஒட்டிக் காயவைத்தேன். சாயங்காலம் அவர் வந்து குச்சியால் ஒரு தட்டு தட்டினார். தலையணையைத் தட்டியதுபோல் 'பொத்' என்றது. ஒரு வார்த்தை திட்டவில்லை. "இது செருப்பாயிடுச்சிடா. இனிமே பேசாது" என்றார்.

அவர் சொன்னது சரி. பச்சைத் தோலைக் காயவைக்கும்போது அதன் நார்கள் ஒன்றோடொன்று இறுகிச் சுருங்குகின்றன. அந்த இறுக்கம்தான் மேளத்தின் குரல். குரோம் உப்பில் பதனிட்டால் நார்கள் ஒட்டிக்கொள்ளாமல் துவண்டே இருக்கும். ஷூவுக்கும் பைக்கும் அதுதான் வேண்டும். மேளத்துக்குப் பதனிடாத தோல் வேண்டும், அதனால்தான் அந்த நாற்றத்திலிருந்து தப்பிக்க எங்களுக்கு வழியே இல்லாமல் போனது. முடி எடுக்கச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவதைக்கூட நைனா அளவாகத்தான் செய்வார். கூடுதலாக ஊறினால் தோல் சத்தை இழக்கும் என்று, சாம்பல் தேய்த்துக் கத்தியால் வழிப்பதையே விரும்பினார். வழித்த நாளில் நான் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்காருவேன். என்னை யாரும் அங்கே உட்காரச் சொன்னதில்லை.

சட்டம் வேப்பமரம். மூன்று வளைந்த துண்டுகளை இரும்புத் தகடு வைத்து ஆணியடித்து வட்டமாக்குவது. தோலை ஒட்டப் புளியங்கொட்டைப் பசை. கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து, அரைத்து, களி மாதிரிக் கிண்ட வேண்டும். அம்மாவின் அம்மியில் அந்த வேலை நடக்கும் நாளில் வீட்டில் குழம்பு கிடையாது. ஊறவைத்த தோலை ஈரத்தோடு பசைபோட்டு இழுத்து ஒட்டி, வாரால் கட்டி நிழலில் காயவிட்டால் தானே சுருங்கி இறுகும். வெயிலில் வைத்தால் அவசரப்பட்டு ஒரு பக்கம் பிய்த்துக்கொள்ளும். இந்தப் பசையில் ஒரு தொல்லை உண்டு, எலிக்கு அது பலகாரம். மேளத்தைப் பரணில் வைத்தால் ஓரத்தைச் சுற்றிக் கறம்பிவிடும். ஆகவே எங்கள் வீட்டில் மேளம் கூரை விட்டத்திலிருந்து கயிற்றில் தொங்கியது. எனக்குத் தொட்டில் தொங்கிய அதே விட்டம் என்று ஆயா சொல்லும்.

சுருதி சேர்ப்பது தீயில். மிருதங்கத்துக்கு வாரும் புள்ளும் இருக்கிறது, உடுக்கையில் இடைக்கயிற்றை அழுத்தினாலே குரல் ஏறும். பறையில் முடுக்க ஒன்றுமே கிடையாது. காற்றிலுள்ள ஈரத்தைத் தோல் குடித்துத் தொய்யும், தீ அந்த ஈரத்தை வாங்கிக்கொள்ளும். வைக்கோல் தீ குப்பென்று பொங்கி அடங்கும். பனையோலை நின்று எரியும். நைனா மேளத்தைத் தீக்கு முன்னால் ஒரு முழம் தள்ளிப் பிடித்துச் சுழற்றிக்கொண்டே, நடுநடுவே விரல் முட்டியால் ஓரத்தில் நாலு இடத்தில் தட்டிக் கேட்பார். நாலும் ஒன்றுபோல் கேட்டால் சரி. எங்கே தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தைத் தீக்குக் காட்டுவார். இழுவை நாலு மடங்கு ஏறினால்தான் குரல் ஒரு ஸ்தாயி ஏறும் என்று பின்னால் புத்தகத்தில் படித்தேன். ஒரு ஸ்தாயி ஏற்ற யாரும் முயல்வதில்லை, அதற்குள் தோல் வெடித்துவிடும். எவ்வளவு என்பதை அவர் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். உள்ளங்கை காய்த்துப்போனவருக்குக் கன்னம்தான் வெப்பமானி.

தீ மூட்ட வைக்கோல் வேண்டுமே. போன இடத்தில்தான் கேட்க வேண்டும். அடிக்கக் கூப்பிட்டவரே வைக்கோலுக்கு முகம் சுளிப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஒரு ஆடி மாதம், ஊர் பேர் வேண்டாம், கூழ் வார்க்கும் திருவிழா. மத்தியானத்திலிருந்து பிசுபிசுவென்று தூறல். கேட்ட வைக்கோல் ஈரமாக வந்தது. புகைதான் எழுந்தது, சூடு ஏறவில்லை. கரகம் புறப்படுகிற நேரம், சீக்கிரம் சீக்கிரம் என்று நாலு பேர் தலைமேல் நின்று கத்த, நைனா மேளத்தைத் தணலுக்குக் கிட்டே கொண்டுபோனார். எப்போதும் செய்யாத காரியம். 'டப்' என்று ஒரு சத்தம், நடு முதுகுக் கோட்டோடு பிளந்தது. ஒன்பது வருஷம் அடித்த மேளம். அன்றைக்குப் பாதிக் கூலிதான். திரும்பி நடந்து வரும்போது பிளந்த மேளத்தைத் தோளில் மாட்டாமல் குழந்தையைப்போல் முன்னால் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஃபைபர் பறை எங்கள் பக்கம் வந்தபோது எனக்கு அந்த ஆடி மாதம்தான் ஞாபகம் வந்தது. இரும்பு வளையம், சுற்றிலும் போல்ட், மேலே பாலியெஸ்டர் படலம். தீ வேண்டாம், மழை ஒன்றும் செய்யாது, நாற்றம் இல்லை. 2009-இல் சம்பளம் வாங்கியதும் ஒன்று வாங்கிப்போய் நைனாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பழக்கதோஷம், எழுந்து வாசலுக்குப் போய் வெயிலுக்கு நேரே பிடித்தார். வெளிச்சம் அப்படியே வந்தது.

"இதுக்கு ஆத்தா யாருடா?" என்றார்.

ஆத்தா அமெரிக்கா. அங்கே ஜாஸ் ட்ரம் அடித்தவர்களும் 1950-கள்வரை கன்றுத் தோலோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். மழை நாளில் தொய்யும், கூடத்தில் விளக்குச் சூட்டில் விறைக்கும். டூபாண்ட் கம்பெனியின் மைலார் படலம் வந்ததும், சிக் எவன்ஸ் 1956-லும் ரெமோ பெல்லி 1957-லும் அதை ட்ரம்முக்குத் தோலாக்கி விற்கத் தொடங்கினார்கள். எங்கள் ஆடி மாதம் அமெரிக்காவிலும் பெய்திருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபைபரில் அடி பளிச்சென்று விழும், தூரம் போகும், மெல்லிய சிண்டுக்குச்சியின் பொடி அடிகள் தனித்தனியாகக் கேட்கும். ஆனால் அடித்து முடித்த பிறகும் 'ஙீ' என்று ஒரு வால் இழுத்துக்கொண்டே இருக்கும். தோல் தன் சத்தத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும். வட்டமாக இழுத்துக் கட்டிய சீரான பரப்பு அடிவாங்கினால் அடிப்படைச் சுருதியோடு 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒட்டாத சுருதிகளும் சேர்ந்தே எழும். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கருப்பு மருந்து அப்பி அந்தச் சுருதிகளை ஒழுங்குபடுத்துவதை சி.வி.ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பறையில் மருந்து கிடையாது. அந்த ஒட்டாத சுருதிகளைச் சீக்கிரம் அடக்குவது தோலின் கனமும் நாரும்தான். படலத்தில் அதைச் செய்ய ஆளில்லை. நாங்கள் உள்பக்கம் ஒரு துண்டுத் துணி டேப் ஒட்டினோம். முக்கால்வாசி வால் அறுந்தது.

உழைப்பில் எது மேல் என்றால் கணக்கு எளிதில்லை. படலத்தில் குச்சி ஆழமாக விழுந்தால் பள்ளம் விழும், அந்தப் பள்ளம் பிறகு எழாது. தோலில் விழுந்த பள்ளத்தைத் தீ எழுப்பிவிடும். படலம் கிழிந்தால் பத்து நிமிஷத்தில் வேறு போடலாம். தோல் கிழிந்தால் ஒரு வாரம். போல்ட்டை வரிசையாகச் சுற்றி முடுக்கினால் முகம் கோணும், எதிரெதிராகத்தான் முடுக்க வேண்டும் என்பதை நான் ஒரு படலத்தைக் கெடுத்த பிறகு கற்றுக்கொண்டேன். நைனாவுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஓரத்தில் நாலு இடம் தட்டிக் கேட்கிற வித்தை இங்கேயும் அப்படியே செல்லுபடியானது.

இப்போது பறைக்குப் புது மரியாதை. 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' மேடையில் அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு தலைமைச் செயலாளர் தண்டோரா போடுவதற்குத் தடை சொல்லிக் கடிதம் அனுப்பினார். தாத்தா ஏரி மதகு திறக்கத் தெருத்தெருவாக அடித்துச் சொன்ன மேளம் அதோடு முடிந்தது. நல்லதுதான். சென்னையிலிருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகள் நைனாவிடம் "ஐயா, தோல் பறைதான் ஒரிஜினல், அதை விடாதீங்க" என்பார்கள். அவர் தலையாட்டுவார். தோலை உரித்து, வழித்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு அப்போது கொஞ்சம் எரிச்சல் வரும். பாடகர் டி.எம்.கிருஷ்ணா மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020-இல் வந்தபோது, வெளியீட்டுக்கு இடம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா பிறகு மறுத்துவிட்டது. தோலின் சத்தம் வேண்டும், தோலைப் பற்றிய பேச்சு வேண்டாம் என்பது பெரிய சபைகளிலும் அப்படித்தான் இருக்கிறது.

போன ஆடியில் எங்கள் காலனி கெங்கையம்மனுக்குக் கூழ். ஆறு மேளம், அதில் ஐந்து ஃபைபர். ஆறாவது நைனாவுடையது, பெரியமேட்டில் வாங்கிய அந்த ஐந்தாவது தோலில் மிச்சமிருந்த துண்டிலிருந்து போட்டது. இடப்பக்க ஓரத்தில் இரண்டு உண்ணிப் புள்ளி. பந்தலுக்குப் பின்னால் பனையோலை மூட்டிக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பையன்கள் குச்சியைத் தட்டிக்கொண்டு பொறுமையில்லாமல் காத்திருந்தார்கள். அவர் கன்னத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி தீக்குக் காட்டி, மறுபடி கன்னத்தில் வைத்து, பிறகு தோளில் மாட்டிக்கொண்டு அம்மன் அழைப்புக்கு மூணடி போட்டார். அரை மணி நேரம் அவர் மட்டும். கிழக்கே கருக்கியது. முதல் சொட்டு விழுந்ததும் மேளத்தைக் கழற்றிச் சாக்கில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தார்.

"ம், அடிங்கடா" என்றார் பையன்களிடம். அடித்தார்கள். இரண்டு நிமிஷம் கேட்டவர் கையைக் காட்டி நிறுத்தினார். கடைசியில் நின்ற பையனின் மேளத்தை வாங்கி ஓரத்தில் நாலு இடம் முட்டியால் தட்டினார். மழை ஏறிக்கொண்டிருந்தது.

"இங்க எறங்கிக்கிது பாரு" என்று சொல்லிக்கொண்டே இடுப்பு மடியிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். அதை எப்போது வாங்கினார் என்று எனக்குத் தெரியாது.